காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு?

அந்த ஹோட்டலில் ஐம்பத்தெட்டு அறைகள் இருந்தன. முப்பத்தொரு அறைகளில் குளிக்கும் தொட்டி, மீதி இருபத்தேழில் ஷவர் மட்டும். இதை என்னிடம் யாரும் கேட்டதில்லை. எங்கடின் மலைப் பள்ளத்தாக்கில் இருந்த அந்த ஹோட்டலில் மூன்று குளிர்காலம் வேலை செய்தபோது நானாக எண்ணி வைத்துக்கொண்டது. இப்போது எழுபது தாண்டிவிட்டது. நான் வசிக்கும், சூரிச் பக்கத்து வின்டர்தூரில் பஸ் இரண்டு நிமிடம் பிந்தினாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அப்படி நிற்கும்போது அந்தப் பழைய எண்கள்தான் துணைக்கு வருகின்றன.

ஊரில், மட்டக்களப்புப் பக்கத்தில், நான் கணித ஆசிரியராக இருந்தேன். ஹோட்டலில் காலைச் சாப்பாட்டு மண்டபத்தில் கோப்பை வைப்பதும் எடுப்பதும், பெட்டி தூக்குவதும், பகலில் தேநீர் பரிமாறுவதும் என் வேலை. பாத்திரம் கழுவும் இடத்தில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் இருந்தார். என் வயதுதான், நாற்பத்திரண்டு நாற்பத்துமூன்று இருக்கும். என்னை 'மாஸ்டர்' என்று கூப்பிடுவார். அதில் பாதி மரியாதை, பாதி நக்கல்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு இரண்டு காகிதங்கள் தேவைப்பட்டன. மனைவியையும் மகளையும் இங்கே கூப்பிட வேண்டுமானால், ஆண்டு முழுவதும் வேலை தருவதாக ஹோட்டல் ஒப்பந்தம் எழுதித் தர வேண்டும். வெளிநாட்டவர் அலுவலகம் அதைக் கேட்டது. அது முதலாவது. இரண்டாவது, ஊரிலிருந்து வரவேண்டிய எங்கள் கலியாணப் பதிவும் மகளின் பிறப்புச் சான்றிதழும்.

முதலாவது வருவதற்கு வழியே இல்லை. ஏப்ரல் நடுவில் பனிச்சறுக்குக்காரர் போனதும் ஹோட்டலை மூடிவிடுவார்கள். ஜூன் கடைசியில் திறந்து, செப்டம்பரில் மறுபடியும் மூடுவார்கள். ஆண்டில் ஏழு மாத வேலைதான். இரண்டாவது ஏன் வரவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. மூன்று கடிதங்களில் கேட்டுவிட்டேன். மனைவி மழை பற்றி எழுதினாள், மகளின் பரீட்சை பற்றி எழுதினாள். அங்கே குளிர் எப்படி என்று கேட்டிருந்தாள். ஹோட்டல் பின்வாசலில் தொங்கிய வெப்பமானியைப் பார்த்து மைனஸ் இருபத்திரண்டு என்று பதில் எழுதினேன். பிழையான எண்ணை எழுதி எனக்குப் பழக்கமில்லை. சான்றிதழ் பற்றி மட்டும் அவள் ஒரு வரி எழுதவில்லை.

அந்த ஏப்ரலில், மூடுவதற்குப் பத்து நாள் இருக்கும்போது, ஜப்பானியச் சுற்றுலா நிறுவனம் ஒன்றிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு மனிதர். அவருக்கு மொழிபெயர்க்க, சூரிச்சில் வசித்த ஒரு ஜப்பானியப் பெண். மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை குழுக்களை அனுப்பலாமா என்று பார்க்க வந்திருந்தார்கள். அது நடந்தால் ஹோட்டல் பத்தரை மாதம் திறந்திருக்கும், ஆண்டு ஒப்பந்தமும் தருவேன் என்று ஷெஃப் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லியிருந்தார். ஷெஃப் என்றால் ஹோட்டல் முதலாளி. நல்ல மனிதர், நீளமான கால்கள், நேரான பேச்சு. அவருடைய வாயில் ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது.

அவர்களுடைய பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். ஜப்பானியர் ஒவ்வொரு குளியலறைக் கதவையும் திறந்து தொட்டியை எட்டிப் பார்த்தார். சாப்பாட்டு மண்டபத்தில் நின்று ஏதோ கேட்டார்.

"காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு?" என்று பெண் மொழிபெயர்த்தார்.

"ஏழு மணிக்கு" என்றார் ஷெஃப்.

ஜப்பானியர் தலையைக் குனிந்தார். மண்டபம் மிக அழகாக இருப்பதாகச் சொன்னார்.

நாலு மணிக்கு நான் தேநீர் கொண்டுபோனேன். ரயில் நேரங்களைப் பற்றிய பேச்சு நடந்தது. அடுத்த மலைக்குப் போகிற முதல் ரயில் ஆறேகாலுக்கு என்று ஷெஃப் சொன்னார். ஜப்பானியர் கொஞ்ச நேரம் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, காலைச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்டார். ஏழு என்றார் ஷெஃப். மறுநாள் மத்தியானச் சாப்பாட்டில், மான் இறைச்சி நன்றாக இருக்கிறது என்று புகழ்ந்த பிறகு, மறுபடியும் அதே கேள்வி.

"ஏழு மணிக்கு" என்றார் ஷெஃப். "பத்து மணி வரை."

என்னைக் கடந்து போகும்போது, "ஜப்பானில் காது கேட்காதா?" என்று மெதுவாகச் சொன்னார்.

மூன்று தரம். எங்களுடைய ஆட்கள் ஒரு வீட்டுக்குப் போனால், பசிக்கிறது என்று சொல்வார்களா? இல்லை. இங்கே கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள். வீட்டுக்காரி அடுப்பை மூட்டுவாள். அந்த மனிதர் நேரத்தைக் கேட்கவில்லை. ஏழு மணியை முன்னுக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார். அதை வாய்விட்டுக் கேட்டால் ஷெஃப் முடியாது என்று சொல்ல வேண்டிவரும், சொல்லும்போது ஷெஃபின் முகம் விழும். அந்தச் சங்கடத்தை ஷெஃபுக்கு வைக்காமல், கதவைத் தட்டாமல், வாசலில் மூன்று தரம் இருமியிருக்கிறார்.

மத்தியானத்துக்குப் பிறகு பேச்சு முடிந்தது. ஷெஃப் நேராகவே கேட்டார்: "சரி. ஒப்பந்தம் செய்வோமா?"

ஜப்பானியர் பல்லிடுக்கால் காற்றை உள்ளே இழுத்தார். பிறகு சிரித்தபடி சொன்னதைப் பெண் மொழிபெயர்த்தார். "உங்கள் ஹோட்டல் மிகவும் அழகானது. உபசரிப்பை மறக்க மாட்டோம். அலுவலகத்துக்குக் கொண்டுபோய் நன்றாக யோசித்துப் பார்க்கிறோம்."

ஷெஃப் எழுந்து கையைக் குலுக்கினார். சமையலறைக்கு வந்து, "மே மாதம் திறக்கிறோம்" என்று கத்தாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நான் தட்டுகளுடன் நின்றேன். என் அக்காவைப் பெண் பார்க்க நாலு வீட்டார் வந்தார்கள். மூன்று வீட்டார் பலகாரத்தைப் புகழ்ந்தார்கள், வீட்டைப் புகழ்ந்தார்கள், போய்க் கடிதம் போடுகிறோம் என்றார்கள். ஒரு கடிதமும் வரவில்லை. நாலாவது வீட்டார் ஒன்றையும் புகழவில்லை. கோடையில் கிணறு வற்றுமா, வீட்டுக்குப் பின்னால் உள்ள வளவு யாருடையது என்று துருவித் துருவிக் கேட்டார்கள். அக்கா அந்த வீட்டுக்குத்தான் மருமகளாகப் போனாள்.

"என்ன மாஸ்டர், எல்லாரும் சிரிக்கேக்க நீங்கள் செத்த வீட்டிலை நிக்கிற மாதிரி நிக்கிறியள்?" என்றார் யாழ்ப்பாணத்துக்காரர்.

"அவங்க வரமாட்டாங்க."

"ஏன்? யோசிச்சுச் சொல்லுறம் எண்டுதானே சொன்னவை?"

"நீங்க ஆருக்காவது யோசிச்சுச் சொல்லுறன் எண்டு சொல்லியிருக்கீங்களா?"

கையிலிருந்த சட்டியைத் தண்ணீரில் விட்டார். "சொல்லியிருக்கிறன். மச்சான் ஒருத்தன் காசு கேட்டவன்."

"குடுத்தீங்களா?"

"விசரே மாஸ்டர்?"

சட்டியை மறுபடியும் எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார். அவருக்கும் அந்த ஒப்பந்தம் தேவைதான்.

ஷெஃபிடம் சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்தேன். இங்கேதான் நான் செய்த பிழை வருகிறது. பின்னேரம் அவருக்குக் கோப்பி கொண்டுபோனேன். "ஷெஃப், கோடையில் நாலரைக்கே வெளிச்சம் வந்துவிடும்" என்றேன்.

"ஆம். மிக அழகாக இருக்கும்" என்றார்.

ஆறு மணிக்கு அவர் வரவேற்பு மேசையில் நின்றபோது, "முதல் ரயில் ஆறேகாலுக்குத்தானே?" என்று கேட்டேன்.

"ஆம். உன் அறைக்குச் சத்தம் கேட்கிறதா?"

இரவுச் சாப்பாட்டுக்கு மேசை போடும்போது கடைசியாக ஒரு முயற்சி. "நான் ஒவ்வொரு நாளும் நாலரைக்கு எழும்பிவிடுவேன், ஷெஃப். சும்மாதான் படுத்திருப்பேன்."

என்னைக் கவனமாகப் பார்த்தார். "அது நல்லதில்லை. டாக்டரிடம் போ."

எனக்கு அப்படி ஒரு கோபம். இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் ஒரு மனிதனுக்கு விளங்காமல் போகுமா என்று.

மறுநாள் காலை ஜப்பானியர் இருவரும் கடைசிக் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய மூன்று பெட்டிகளை வாசலில் வைத்துவிட்டு வந்தேன். ரயிலுக்கு ஐம்பது நிமிடம். ஸ்டேஷனுக்குக் காரில் ஆறு நிமிடம். சமையலறையில் என் முகத்தைப் பார்த்ததும் யாழ்ப்பாணத்துக்காரர் கேட்டார்:

"ஷெஃபுக்குச் சொல்லிப்போட்டியளோ?"

"மூண்டு தரம் சொல்லிட்டன்." சொன்னது எல்லாவற்றையும் ஒப்புவித்தேன்.

அவர் கையைத் துடைத்தார். "மாஸ்டர், நீங்கள் சொன்னது வெளிச்சம், ரயில், உங்கடை நித்திரை. சாப்பாட்டைப் பற்றி எங்கை சொன்னனீங்கள்? அந்த ஜப்பான்காரனும் நீங்களும் ஒரு தாய் பிள்ளையள். அந்தாளுக்காவது மொழிபெயர்க்க ஒரு மனுசி இருக்கு."

நாற்பத்தாறு நிமிடம் இருந்தது. நான் ஷெஃபின் அலுவலக அறைக்குள் போனேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று தெரிந்ததால் நின்றுகொண்டே சொன்னேன். என் ஜெர்மன் மொழியில் அதற்கு மேல் அலங்காரம் செய்யவும் முடியாது.

"ஷெஃப். ஏழு மணி அவர்களுக்குச் சரிவராது. ரயில் ஆறேகால். அவர்களுக்கு ஐந்தரைக்குச் சாப்பாடு வேண்டும். இல்லையென்றால் வரமாட்டார்கள்."

"அப்படிச் சொன்னார்களா?"

"மூன்று தரம் கேட்டார்கள்."

"நேரத்தைக் கேட்டார்கள். நான் நேரத்தைச் சொன்னேன்."

"அதனால்தான் வரமாட்டார்கள்."

ஷெஃப் பேனாவை மேசையில் வைத்தார். "உனக்கு இது எப்போது தெரியும்?"

"நேற்று."

"ஏன் நேற்றே சொல்லவில்லை?"

"நானும் மூன்று தரம் சொன்னேன், ஷெஃப்."

அவர் யோசித்தார். வெளிச்சம், ரயில், டாக்டர் எல்லாம் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் வந்து போனதைப் பார்த்தேன். "சமையல்காரர்கள் ஆறரைக்குத்தான் வருவார்கள்" என்றார்.

"ரொட்டி, முட்டை, கோப்பி, வெந்நீர். நாங்கள் இரண்டு பேர் நாலே முக்காலுக்கு வருவோம்." யாழ்ப்பாணத்துக்காரரைக் கேட்காமலேயே சேர்த்துக்கொண்டேன்.

ஷெஃப் எழுந்து நேராக மண்டபத்துக்குப் போனார். நான் கோப்பிப் பாத்திரத்துடன் பின்னால் போனேன். அவர் உட்காரக்கூட இல்லை. "குழுக்கள் வந்தால் ஐந்தரைக்குச் சாப்பாடு தரலாம். அது போதுமா?" என்றார்.

பெண் அதை மொழிபெயர்த்தார். ஷெஃப் சொன்னதைவிட அது மூன்று மடங்கு நீளமாக இருந்தது. என்னென்ன மெத்தைகளை அதற்குள் வைத்தாரோ தெரியாது. ஜப்பானியர் கண்ணை மேசைவிரிப்பில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார்.

ஐந்து விநாடி. ஏழு. ஒன்பது. இந்த நாட்டில் ஒரு கேள்விக்கு நாலு விநாடிக்கு மேல் பதில் வராவிட்டால், ஏதோ பிழைத்துவிட்டது என்று நினைத்து இன்னொன்றைச் சொல்வார்கள். ஷெஃப் சமையல்காரர்களின் வேலைநேரச் சட்டத்தைச் சொல்வார், அல்லது கட்டணத்தைக் குறைப்பார். இரண்டில் எதைச் சொன்னாலும் அந்த மனிதர் யோசிப்பது குலைந்துவிடும். பதினோராவது விநாடியில் ஷெஃப் வாயைத் திறந்தார். நான் அவர்கள் இருவருக்கும் நடுவே கையை நீட்டி, நிறைந்திருந்த கோப்பைக்குள் இன்னும் கோப்பி ஊற்றினேன். அது சாசரில் வழிந்து விரிப்பில் இறங்கியது. ஷெஃப் என்னைப் பார்த்தார். வாய் மூடிக்கொண்டது.

பதினேழாவது விநாடியில் ஜப்பானியர் நிமிர்ந்தார். பெண் சொன்னார்: "ஐந்தரைக்கு ஒரே நேரத்தில் எத்தனை பேர் உட்காரலாம் என்று கேட்கிறார்."

ஷெஃபுக்குத் தெரியவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"இருபத்துமூன்று மேசை" என்றேன். "எண்பத்துநாலு பேர்."

ஜப்பானியர் சட்டைப்பையிலிருந்து சின்னக் குறிப்புப் புத்தகத்தை எடுத்து எழுதினார். இரண்டு நாளில் அவர் ஒன்றையும் எழுதியதை நான் பார்க்கவில்லை. பிறகு வெந்நீர் குடுவை அறைக்கு ஒன்று வைக்கலாமா, தொட்டி உள்ள அறைகள் எத்தனை என்று கேட்டார். முப்பத்தொன்று என்றேன். கிணறு வற்றுமா என்று மட்டும்தான் அவர் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு பத்தொன்பது நாள். ஹோட்டல் மூடிவிட்டது. பழுது பார்க்கும் வேலைக்கென்று எங்கள் இரண்டு பேரை மட்டும் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு நாளும் சாட்டுச் சொல்லிக்கொண்டு ஃபாக்ஸ் இயந்திரம் இருந்த அறையைத் துடைத்தேன். ஃபாக்ஸ் வந்தது. ஜப்பானிலிருந்து, ஆங்கிலத்தில், ஒரு பக்கம், இருபத்திரண்டு வரி. ஷெஃப் அதை முன்னும் பின்னும் திருப்பினார். "எங்கே இருக்கிறது இதில் விஷயம்? எட்டு வரி பனி உருகுவதைப் பற்றியே எழுதியிருக்கிறார்கள்."

விஷயம் பதினாறாவது வரியில் இருந்தது. முதலில் இரண்டு குழுக்களை அனுப்பிப் பார்க்க விரும்புகிறார்கள். பதினெட்டாவது வரியில், வழிந்த கோப்பிக்காக அந்தப் பணியாளரைக் கண்டித்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறோம் என்று இருந்தது. அந்த மனிதருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்குக் காது சுட்டது.

அதிலிருந்து ஜப்பானிலிருந்து எது வந்தாலும் ஷெஃப் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். 'எங்கள் ஜப்பான்காரன்' என்று வரவேற்பில் சொல்லத் தொடங்கினார்கள். "ஜப்பான்காரனுக்கு இண்டைக்குச் சோறோ, பச்சை மீனோ?" என்று யாழ்ப்பாணத்துக்காரர் கேட்பார். நாலே முக்காலுக்கு எழுப்பிவிட்டேன் என்ற கோபம் அவருக்கு நெடுநாள் இருந்தது.

இரண்டு குழுக்கள் வந்து போயின. ஜூன் மாதம் பெரிய ஒப்பந்தம் வந்தது. நான் ஷெஃபிடம் போய், "நவம்பரில் கொதிகலனை யார் பார்ப்பது?" என்று கேட்டேன். ஒரு வாரம் கழித்து, "நவம்பரில் என் அறையைப் பூட்டிவிடுவீர்களா?" என்று கேட்டேன்.

ஷெஃப் தலையை நிமிர்த்தினார். "இது எத்தனையாவது தரம்?"

"இரண்டாவது, ஷெஃப்."

"மூன்றாவதுக்கு எனக்கு நேரமில்லை. என்ன வேண்டும்?"

"ஆண்டு ஒப்பந்தம்."

"சரி" என்றார். அவ்வளவுதான்.

எனக்கு நிம்மதி வரவில்லை. இவ்வளவு கெதியாக வரும் சம்மதத்தை எங்கள் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். நாலு நாள் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஐந்தாம் நாள் என் தபால் பெட்டியில் கையெழுத்துடன் காகிதம் கிடந்தது.

அன்று மத்தியான ஓய்வில் கட்டிலில் உட்கார்ந்து மனைவியின் கடிதங்களைப் பரப்பினேன். ஒரு காகிதம் கையில் இருந்தது. மற்றது ஏன் வரவில்லை என்று பார்க்க வேண்டும். ஏழு கடிதங்கள். தேதிப்படி அடுக்கி முதலிலிருந்து வாசித்தேன். ஜனவரிக் கடிதத்தில், அங்கே குளிர் எப்படி என்று இருந்தது. மார்ச் கடிதத்தில், இப்பவும் அங்கே அப்படிக் குளிரா என்று இருந்தது. மே கடிதத்தில், மகள் சின்னக் குளிருக்கும் இருமுகிறாள், அங்கே குளிர் எப்போது குறையும் என்று இருந்தது.

மூன்று தரம்.

நான் என்ன பதில் எழுதினேன்? மைனஸ் இருபத்திரண்டு. அடுத்ததில் மைனஸ் ஒன்பது. மூன்றாவதில், மே மாதத்திலும் பதினாலு சென்ரிமீற்றர் பனி விழுந்தது என்று எழுதியிருந்தேன். அவள் கேட்டது, எங்களை உண்மையாகக் கூப்பிடுகிறீர்களா என்று. ஒரு மனிதன் மூன்று தரமும் பனியைக் காட்டினால், வராதே என்பதைத் தவிர வேறு எப்படி எடுப்பது? நான் சான்றிதழ் கேட்டதை வாய்ப்பேச்சு என்றும், பனியை மறுமொழி என்றும் எடுத்துக்கொண்டாள். ஜப்பானியரின் மனதை மூன்று தரத்தில் பிடித்தவன், பதினாலு வருடத்துக்கு முன் கலியாணம் முடித்தவளுக்கு ஷெஃபைப் போல வெறும் எண்ணைச் சொல்லியிருக்கிறேன்.

கடிதம் போய்ச் சேரப் பதினைந்து நாள் ஆகும். பொறுக்க முடியவில்லை. ஊரில் எங்கள் வீட்டுக்கு அருகில் ஒரு கடையில் தொலைபேசி இருந்தது. கடைக்காரருக்கு எடுத்து, மறுநாள் பத்து மணிக்கு அவளை வரச்சொல்லும்படி கேட்டேன். மறுநாள் இங்கே ஆறரைக்கு, குழுவை ரயிலேற்றிவிட்டு, ஸ்டேஷன் தொலைபேசிக் கூண்டுக்குள் நின்றேன்.

"இஞ்சாருங்க" என்றாள். "ஏதும் வருத்தமா?"

"இல்ல புள்ள. குளிரப் பத்திக் கேட்டிருந்தாய்."

"ஓம். நீங்கதான் எழுதிட்டீங்களே."

"நான் எழுதினது குளிரத்தான். வேற ஒண்டயும் இல்ல."

நான் கூண்டுக் கதவை இழுத்துச் சாத்தினேன்.

"ரெண்டு பேரும் வாங்க. எனக்கு நீங்க வேணும்" என்றேன். அப்படி ஒரு வசனம் என் வாயிலிருந்து அதற்கு முன் வந்ததில்லை. ஷெஃபின் மொழியில் சொல்வதுபோல இருந்தது.

கம்பிக்குள் கடையின் வானொலிச் சத்தம் கேட்டது. யாரோ சீனி கேட்டார்கள். தொலைபேசியின் சின்னத் திரையில் மீதிக் காசின் எண் இறங்கிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்தால் எதையாவது உளறிவிடுவேன் என்று முதுகைத் திருப்பிக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்து நின்றேன். மைனஸ் என்று ஒரு சொல் தொண்டை வரை வந்தது. விழுங்கினேன்.

பிறகு அவள் கேட்டாள்: "புள்ளைக்குச் சப்பாத்து இங்க வாங்குறதா, அங்க வாங்குறதா?"

"இங்க வாங்குறன். அவட காலளவு என்ன?"

"அளந்து அனுப்புறன்" என்றாள். தொடர்பு அறுந்தது.

இருபத்தாறு நாள் கழித்துக் கடிதம் வந்தது. அந்த இருபத்தாறு நாளும் தபால் பெட்டியை ஒரு நாளைக்கு இரண்டு தரம் திறந்தேன். உறைக்குள் கலியாணப் பதிவு, பிறப்புச் சான்றிதழ், நாலாய் மடித்த கொப்பித்தாள் ஒன்று. தாளில் மகளின் இடது பாதத்தை வைத்துப் பென்சிலால் கோடு இழுத்திருந்தாள். குதியிலிருந்து பெருவிரல் நுனி வரை அளந்தேன். இருபத்தொன்றரை சென்ரிமீற்றர்.

எல்லாவற்றையும் வெளிநாட்டவர் அலுவலகத்தில் கொடுத்து, எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டேன். நாலிலிருந்து ஏழு மாதம் என்றார் அங்கிருந்தவர். நாலா, ஏழா என்று மறுபடியும் கேட்டேன். நாலிலிருந்து ஏழு என்றார். அவருக்கு அது ஒரு பதில். பத்து வயதுப் பிள்ளையின் காலுக்கு நாலு மாதம் வேறு, ஏழு மாதம் வேறு. சப்பாத்துக் கடையில் கொப்பித்தாளை விரித்து, முப்பத்துநாலாம் அளவு சரியாக இருக்கிறது என்றாள் கடைக்காரி. வளர்ந்துவிடும் என்று முப்பத்தைந்தை வாங்கிக்கொண்டு ஸ்டேஷன் வரை நடந்தேன். ரயில் வர ஒன்பது நிமிடம் இருந்தது. திரும்பிப் போய் முப்பத்தாறையும் வாங்கினேன்.